கத்தரிப்பூ நிறத் தண்ணீர்

எஸ்தர் கண்ணு,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. நாட்றம்பள்ளியில் நீ பஸ் ஏறினால் ஆம்பூருக்கு வர ஒரு மதியம் போதும். போனை எடுத்தால் அதுவும் வேண்டாம். உன் மாமியார் வீட்டில் போன் கூடத்தின் நடுவில் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தாய். நல்லதாகப் போயிற்று. நான் சொல்லப்போவது போனில் சொல்லக்கூடியது இல்லை. உன் கடிதத்தை இத்தனை முறை படித்ததில் எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. "மாமா தோப்பு ஓரத்துல டிரம்மு வெச்சு, தேங்கா ஓடும் வேலிக்காத்தானும் போட்டு கரி எடுக்கறாருப்பா. அதுக்கு பயோசார்னு பேராம். நெலத்துல போட்டா மண்ணு நல்லா ஆவுமாம். இங்க விவசாய சங்கத்துல நாப்பது பேரு எங்களுக்கும் குடுன்னு கேக்கறாங்க. எது நல்ல கரி, எது கெட்ட கரின்னு எப்படிப் பாக்கறது? நீங்க லேப்ல இருந்தவரு, ரெண்டு வரி எழுதுங்க. டெஸ்ட் பண்றதெல்லாம் எனக்கு வராதுன்னுதான் உங்களுக்கே தெரியுமே."

அந்தக் கடைசி வரியில் என் கண் நின்றுவிட்டது. ஏதோ வேடிக்கை போல எழுதியிருந்தாய். ஆனால் அது உன் வார்த்தை இல்லை, கண்ணு. அது நான் உன்னிடம் சொன்னது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்னதை நீ உன்னுடைய சொத்தாக நினைத்து பத்திரமாக வைத்திருக்கிறாய். அதை உன்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். கரியைப் பற்றியும் எழுதுகிறேன், நீ கேட்டது எல்லாம் இதில் இருக்கும். ஆனால் இரண்டு வரியில் முடியாது.

மதிய வேளையில்தான் எழுதுகிறேன். உன் அம்மா வேலூருக்கு ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போய்விட்டாள். கண்புரை எடுத்த இடது கண்ணுக்கு உலகம் முழுக்க லேசாக நீலம் கலந்து தெரிகிறது. எடுக்காத வலது கண்ணுக்கு எல்லாமே டிகாஷன் ஊற்றியது போலப் பழுப்பு. இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்தால், ஒரே சுவர் இரண்டு வீட்டுச் சுவராகத் தெரியும். சாப்பிட்டுச் சாய்ந்ததும் தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் ஒரு நேரம் வருகிறது. அப்போது மாதனூர் பக்கத்து வயல்கள் என் முன்னால் மெதுவாக விரிகின்றன. பாலாற்று மணல்மேல் காலை வெயில் இறங்குவது தெரிகிறது. யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது போலவும் இருக்கிறது. எழுந்து பார்த்தால் காகிதத்தில் மூன்று வரிதான் இருக்கும்.

நான் என்ன வேலை செய்தேன் என்று உனக்குத் தெரியும், ஆனால் அதற்குள் என்ன இருந்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை. தோல் பதம் செய்யும் ஷாப்பின் லேபில் இருபத்தெட்டு வருஷம். பதம் செய்த தோலில் ஒரு துண்டு வெட்டி, அதில் எவ்வளவு குரோம் ஏறியிருக்கிறது, புளிப்பு சரியா, வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்று சொல்லும் விஷம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். குரோம் என்பது ஒரே பொருள்தான், ஆனால் அதற்கு இரண்டு குணம். தோலைப் பதமாக்குவது பச்சையும் நீலமும் கலந்த குரோம், அது சாது. அதே குரோமைக் காற்றுப் படும்படி சாம்பலோடு சேர்த்துச் சூடாக்கினால் மஞ்சளாக மாறிவிடும். அது விஷம். வேரைத் தின்னும், தோலைத் தின்னும். தண்ணீரில் அது இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு மருந்து இருந்தது. இரண்டு சொட்டு விட்டால், விஷம் இருக்கும் தண்ணீர் கத்தரிப்பூ நிறமாக மாறும். அவ்வளவு அழகான நிறம் அந்த லேபில் வேறு எதற்கும் கிடையாது.

கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து போகும்போது ரோட்டின் இரண்டு பக்கமும் வெள்ளை பூத்த நிலங்களைப் பார்ப்பேன். கிணற்றில் உப்பு, மண்ணில் உப்பு. விடிகாலையில் அந்த நிலத்தின் மேல் பனி நின்றால் எது பனி எது உப்பு என்று தெரியாது. எங்கள் ஷாப்பின் பின்புறம் பாய்லர் கரியைப் பல வருஷமாகக் கொட்டி வைத்த ஓரிடம் இருந்தது. அந்த ஓர் இடத்தில் மட்டும் கீரை முழங்கால் உயரத்துக்கு வளரும். யாரும் விதைக்கவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு கனவு பிடித்துக்கொண்டது. இந்த வெள்ளை நிலத்துக்கெல்லாம் கரியைப் போட்டுக் கறுப்பாக்கிவிட வேண்டும். பயோசார் என்ற பேரெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. வெறும் கரிதான்.

சத்தார் பாயை உனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் உன் வீட்டுக்காரர் இதைப் படித்தால் புரியட்டும் என்று எழுதுகிறேன். எங்கள் ஷாப்பில் ஷேவிங் மெஷின் ஓட்டியவர். தோலின் பின்பக்கத்தை ஒரே கனமாகச் சீவும் மெஷின் அது. இருபது வருஷம் அதில் நின்று முழங்கால் போனதும், வேலையை விட்டுவிட்டு மாதனூர் பக்கம் மாமனார் கொடுத்த ஒரு ஏக்கரில் கத்தரி போட்டார். ஆம்பூர் பிரியாணிக்கடைகளுக்கு அவர் கத்தரிக்காய்தான் போகும். கிணறு கொஞ்சம் உப்பு. என் கனவை அவரிடம் சொன்னபோது சிரித்தார். "போடு தோஸ்த். ஏற்கெனவே பாதி உப்பு. உன் கரியப் போட்டா இன்னா கொறஞ்சிடப் போவுது?" என்றார்.

முதல் வருஷம் அவர் நிலத்து ஓரத்தில் ஒரு சின்ன மூட்டம் போட்டோம். பேரணாம்பட்டில் பழைய முறையில் பட்டை போட்டுப் பதம் செய்யும் ஓர் இடத்திலிருந்து சாறு இறங்கிய பட்டைச் சக்கையும், வேலியோரத்து வேலிக்காத்தானும் வெட்டி அடுக்கி, மேலே மண் பூசி, உள்ளே நெருப்பைக் கொடுத்து மூடினோம். இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது வந்த கரியை இன்றைக்கும் என் விரல் மறக்கவில்லை. இரண்டு துண்டைத் தட்டினால் கண்ணாடி வளையல் போலச் சத்தம் வந்தது. உடைத்தால் உள்ளே நடுவரைக்கும் ஒரே கறுப்பு. எங்கேயும் பழுப்பு இல்லை, பழுப்பு இருந்தால் வேகவில்லை என்று அர்த்தம். மூக்கில் வைத்தால் எந்த வாசனையும் இல்லை. கையில் தேய்த்தால் கறுப்பு ஒட்டியது, வெறும் தண்ணீரில் கழுவியதும் போய்விட்டது. பிசுபிசுப்பாக நின்று சோப்பு கேட்டிருந்தால் அது தார் இறங்காத கரி. வெள்ளையாகப் பொடிந்தால் அது கரி இல்லை, சாம்பல். எஸ்தர், நீ கேட்ட நல்ல கரி இதுதான். காது, மூக்கு, விரல் மூன்றும் போதும், முக்கால்வாசி தெரிந்துவிடும்.

மீதிக் கால்வாசிக்குத்தான் விதை வேண்டும். அதை அந்த வருஷம் உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். இரண்டு டிபன் தட்டு, ஒன்றில் வெறும் மண், இன்னொன்றில் கரி கலந்த மண், இரண்டிலும் இருபது இருபது முள்ளங்கி விதை. ஐந்தாம் நாள் நீ தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாய். "அப்பா, கரித்தட்டுல பத்தொம்போது மொளச்சிருக்குப்பா! வேரு கூட ஜாஸ்தி நீளம்!" அதை அப்படியே சைக்கிளில் வைத்து சத்தார் பாயிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கரியை மாட்டுச்சாணக் கரைசலில் மூன்று வாரம் ஊறவைத்து, நிலத்தின் ஒரு மூலையில் மட்டும் போட்டார். அந்த மூலைக் கத்தரிச் செடிகள் மற்றவற்றைவிட ஒரு சாண் உயரம். பூ வந்தபோது நாம் மூன்று பேரும் போய் நின்றோமே, நினைவிருக்கிறதா? ஒரு பூவைக் காதில் வைத்துக்கொண்டாய். சத்தார் பாய் என் தோளைத் தட்டி, "அடுத்த வருசம் முழு ஏக்கரும் போட்றலாம்" என்றார். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

அடுத்த வருஷம் நீ பத்தாவது எழுதி முடித்திருந்தாய். முழு ஏக்கருக்கும் கரி வேண்டும் என்றால் பெரிய மூட்டம் போட வேண்டும். மேற்கே வானம் கறுத்துக் கோடை மழை எந்த நேரமும் வரும்போல் இருந்தது. பட்டைச் சக்கை வர வேண்டிய டெம்போ வரவில்லை. சத்தார் பாய் ஒரு கல்யாணத்துக்காகப் பேரணாம்பட்டுக்குப் போயிருந்தார். மூட்டத்தில் பாதி காலியாக நின்றது. அப்போது எனக்கு ஓர் எண்ணம் வந்தது. ஷேவிங் மெஷினில் உதிரும் இளநீலச் சீவல் எங்கள் ஷாப்பில் மலைபோலக் கிடந்தது. தோல்தானே, அதில் பயிருக்கு வேண்டிய சத்து இருக்கிறது. குரோம் இருக்கிறதுதான், ஆனால் காற்று புகாமல் வேகவைத்தால் அது விஷமாக மாறாது. நான் படித்தவன், எனக்குத் தெரியும். இப்படி நினைத்து, எட்டு மூட்டைச் சீவலை நானே கேட்டு வாங்கி வந்து உள்ளே கொட்டினேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை. யாரும் தவறாகச் சொல்லித் தரவில்லை.

மறுநாள் போனபோது மேலே பூசிய மண் இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. அந்த வெடிப்பு வழியாக எவ்வளவு நேரம் காற்று போயிற்றோ. அந்தப் பக்கத்துக் கரி சாம்பல் பூத்து இருந்தது. முடி கருகிய வாசனை வந்தது. என் மூக்குக்கு அது தெரிந்தது. தெரிந்தும், ஈரமண்ணைக் குழைத்து வெடிப்பை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கரி எடுத்து, தூளாக்கி, நிலம் முழுக்க இறைத்து, சத்தார் பாய் ஓர் உழவும் ஓட்டிவிட்டார். ஒரு பை கரியை உன் அம்மாவின் ரோஜாத் தொட்டிகளுக்கு என்று வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன்.

நான் கேட்காமலேயே நீ அந்தப் பையிலிருந்து எடுத்து, போன வருஷம் போலவே தட்டு வைத்திருக்கிறாய். நான்காம் நாள் சாயங்காலம் என் முன்னால் வந்து நின்றாய். ஒரு கையில் தட்டு, இன்னொரு கையில் கரி ஊறின தண்ணீர், கண்ணாடி டம்ளரில்.

"அப்பா, இதுல ஒண்ணுகூட வேர் விடலப்பா. விதை வெடிச்சிருக்கு, அதோட நின்னுபோச்சு. தண்ணியப் பாருங்க, மஞ்சளா இருக்குது. போன வருசம் இப்படி வரல."

"பட்டைச் சாயம் அது. தண்ணி ஜாஸ்தி ஊத்தியிருப்ப, விதை அழுகிப்போச்சு."

"ரெண்டு தட்டுக்கும் ஒரே அளவுதான் ஊத்தினேன்."

"அப்ப திரும்பப் பண்ணு."

நீ திரும்பச் செய்தாய். அளந்து, விதையை எண்ணி, நோட்டில் கோடு போட்டு எழுதி. நான்கு நாள் கழித்து அதே தட்டு, அதே மஞ்சள் தண்ணீர். இந்த முறை நோட்டை என் முன்னால் விரித்து வைத்தாய். அப்போது எனக்கு வந்த கோபம் உன்மேல் வந்தது இல்லை, கண்ணு. ஆனால் உன்மேல்தான் விழுந்தது. "லேப் வேலைக்கு உன் கை ஆவாது. ஒரு விதை மொளைக்க வைக்கத் தெரியல" என்றேன். நீ அழவில்லை. தட்டு இரண்டையும் தேய்த்துக் கழுவி அலமாரியில் கவிழ்த்து வைத்தாய். நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டாய். கிழியும் சத்தம் எனக்குக் கேட்டது.

மறுநாள் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மற்றவர்கள் சாப்பிடப் போனதும் குடுவையில் ஊற்றி, கொஞ்சம் ஆசிட் சேர்த்து, அந்த மருந்தை இரண்டு சொட்டு விட்டேன். முதலில் ஒரு நூல் இறங்கியது. பிறகு அது புகைபோலச் சுழன்று, குடுவை முழுவதும் கத்தரிப்பூ நிறமாக ஆகிவிட்டது. ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடித்தேன். கண்ணு, எனக்கு இன்றுவரை அந்த நிறம் கனவில் வருகிறது. கனவில் பாலாற்றில் தண்ணீர் வந்துவிடுகிறது, இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது, எல்லோரும் கரையில் நின்று கும்பிடுகிறார்கள். தண்ணீர் முழுக்கக் கத்தரிப்பூ நிறம். எனக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரியும். வாயைத் திறக்கிறேன், சத்தம் வரவில்லை.

நிஜத்திலும் வாயைத் திறக்கவில்லை. குடுவையைக் கழுவி வைத்தேன். இன்னும் நாற்று நடவில்லை, அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் "பாய், நடாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாலு மழை பெய்தால் அலசிப்போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வாரம்தான் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை. படிவத்தை நீட்டினாய். காமர்ஸ் என்று எழுதியிருந்தாய். "ஏம்மா, சயின்ஸ்தானே எடுக்கறதா இருந்த?" என்றாள் அம்மா. "அது எனக்கு வராதும்மா" என்றாய், என்னைப் பார்க்காமல். உன் கணக்கு சரி, உன் கை சரி, உன் கண் என் கண்ணைவிட நேர்மையானது என்று அந்த நிமிடம் இந்த உலகத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆடியில் நட்ட நாற்று பத்து நாளில் மஞ்சளித்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கருகி, எலி கடித்தது போல மொட்டையாக இருந்தது. சத்தார் பாய் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு செடியாகத் தூக்கிப் பார்த்தார். "கெணத்து உப்புதான் தோஸ்த். உன் கரி இன்னா பண்ணும் பாவம், அதால முடிஞ்சத பண்ணுச்சு" என்று என்னைத் தேற்றினார். என்னை அவர் தேற்றினார். அடுத்த மாதமே அந்த முழங்காலோடு வேறொரு ஷாப்பில் ஷேவிங் மெஷினுக்குத் திரும்பப் போனார். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, காலை நீட்டமுடியாமல் கையால் தூக்கி வைப்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு காலையில் அந்த ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். வெறுமனே கிடந்த அந்த நிலத்தில் மழைக்குக் கீரை முளைத்திருந்தது. நசீமாம்மா, சத்தார் பாயின் வீட்டம்மா, குனிந்து பறித்து மடியில் கட்டிக்கொண்டிருந்தார். பஸ் ஒரு நொடியில் கடந்துவிட்டது. அன்று சாயங்காலம் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் யூனிபாரத்தைக்கூட மாற்றவில்லை. "அந்தக் கீரைய இன்னிக்கு சமைச்சிருப்பாங்க. நீங்க போறீங்களா, நான் போவட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

நான்தான் போனேன். சத்தார் பாய் வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். முதலில் கீரையைத் தொடாதீர்கள் என்றேன். பிறகு சீவல் போட்டதிலிருந்து குடுவை வரைக்கும் சொன்னேன். குடம் நிறைந்து வழிந்தது. அவர் குழாயை மூடவில்லை.

"எந்தச் சீவல்? ஷேவிங் சீவலா? நான் சீவுவேனே, அதுவா?"

"ஆமா பாய்."

"அது எரிஞ்சா ஆவாதுன்னு மெஷின் ஓட்டற எனக்கே தெரியுமே. படிச்சவன், உனக்குத் தெரியாதா?"

"தெரியும்னு நெனச்சுத்தான் போட்டேன்."

"எப்பத் தெரிஞ்சுது, விசம்னு?"

"நீங்க நடறதுக்கு முன்னாடியே."

கதவுக்குப் பின்னால் நசீமாம்மா நின்றிருந்தது எனக்குத் தெரிந்தது. "எப்படித் தெரிஞ்சுது?" என்று சத்தார் பாய் கேட்டார். எஸ்தர் தட்டு வைத்துக் கண்டுபிடித்தாள், நான் அவள் கை சரியில்லை என்று சொல்லிவிட்டேன் என்றேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது. "எனக்குப் போனது ஒரு வெள்ளாம. மண்ணு இருக்குது, இன்னொரு வாட்டி போடுவேன். அந்தப் பொண்ணுக்கு இன்னா சொல்லப் போற?" என்றார். குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாளே லீவு போட்டுவிட்டு அவர் நிலத்துக்குப் போனேன். அவர் எனக்கும் ஒரு மண்வெட்டி கொடுத்தார். கரி தெரிந்த இடங்களில் மேல்மண்ணை நாலு விரல் ஆழத்துக்குச் சுரண்டி, மூட்டை மூட்டையாகக் கட்டி, ஷாப்பின் குரோம் கழிவு வைக்கும் கொட்டகைக்கு அனுப்பினோம். எத்தனை நாள் ஆயிற்று என்று நினைவில்லை. அந்த நாட்கள் எல்லாம் ஒரே நீளமான காலைபோல இருக்கின்றன. பனி, மண் சுரண்டும் சத்தம், அவர் இருமல். பிறகு கீழ்மண்ணில் சாணமும் தழையும் நிறையப் போட்டு மக்கவிட்டோம். மக்கிய உரம் அந்த விஷத்தைத் திரும்பவும் சாதுவாக்கும். மாதம் ஒருமுறை மண்ணும் கிணற்றுத் தண்ணீரும் எடுத்துப்போய்ப் பார்ப்பேன். கத்தரிப்பூ நிறம் வெளுத்து, ரோஜா நிறமாகி, கடைசியில் ஒரு மாதம் மருந்து விட்ட பிறகும் தண்ணீர் தண்ணீராகவே நின்றது. இரண்டு வருஷம் ஆயிற்று. சத்தார் பாய் திரும்பக் கத்தரி போட்டார், நன்றாகவே வந்தது. எனக்கும் அவருக்கும் பேச்சு பழையபடி ஆகிவிட்டது. நசீமாம்மா மட்டும் அதற்குப் பிறகு எனக்கு ஒரு டீகூடக் கொடுத்ததில்லை. அவர் செய்ததில் தப்பே இல்லை.

உனக்குச் சொல்லவில்லை. பன்னிரண்டாவது முடியட்டும் என்றேன், பிறகு காலேஜ் முடியட்டும் என்றேன். ஷூ கம்பெனி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து நீ சிரித்துக்கொண்டு வந்தபோது, இனி எதற்கு என்று நினைத்தேன். உன் கல்யாணத்தில், சர்ச் வாசலில், சத்தார் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு காதருகில் கேட்டார், "சொல்ட்டியா?" நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. பிடித்த கையை விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். சொல்லாமல் இருப்பது உனக்கு நல்லது என்று நினைத்தேன். உண்மையில் அது எனக்கு நல்லது. நீ சயின்ஸ் படித்திருந்தால் என்ன ஆகியிருப்பாய் என்று எனக்குத் தெரியாது. இப்போது இருப்பதைவிடப் பெரிதாக ஏதோ ஆகியிருப்பாய் என்று சொல்லி உன் வாழ்க்கையைச் சின்னதாக்கவும் மாட்டேன். ஆனால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியவள் நீ. நான் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

இனி உன் மாமனார் எடுக்கும் கரி. தட்டிப் பார், உடைத்துப் பார், முகர்ந்து பார், கழுவிப் பார் என்று மேலே சொல்லிவிட்டேன். அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது, உள்ளே என்ன போனது என்று பார்க்க வேண்டும். தேங்காய் ஓடும் வேலிக்காத்தானும் மட்டும்தானா, பெயிண்ட் அடித்த பழைய கதவு போனதா, பற்றவைக்க டயரோ பிளாஸ்டிக்கோ போட்டார்களா? வாய்வார்த்தையை வைத்துக்கொள்ளாதே, பக்கத்தில் நின்று பார். அந்த டிரம் எங்கிருந்து வந்தது என்று கேள். நம் பக்கம் பழைய டிரம் என்றால் பாதிக்குப் பாதி தோல் ஷாப்பு கெமிக்கல் வந்ததாக இருக்கும். அப்படி இருந்தால் அது வேண்டாம், வேறு பார்க்கச் சொல். சூடான கரியை எந்தத் தண்ணீரால் அணைக்கிறார்கள் என்றும் பார். உப்புக் கிணற்றுத் தண்ணீரைக் கரி குடித்தால் அந்த உப்பு நிலத்துக்குத்தான் போகும். பச்சைக் கரியை நேரே போடவிடாதே, அது மண்ணில் இருக்கும் சத்தையும் தனக்கே இழுத்துக்கொள்ளும். சாணக் கரைசலில் ஊறட்டும். மண் ஏற்கெனவே உவர் என்றால் கொஞ்சமாக, ஓரிடத்தில் மட்டும் போட்டுப் பார்க்கச் சொல். ஒரு பெட்டியில் பாதி வெறும் மண், பாதி கரிமண் வைத்து நடுவில் பத்து மண்புழுவை விடு. இரண்டு நாள் கழித்து எந்தப் பக்கம் இருக்கின்றன என்று எண்ணு, கரிமண்ணை விட்டு ஓடியிருந்தால் அந்தக் கரி ஆகாது. புழு யாருக்கும் மரியாதை பார்த்துப் பக்கம் மாறாது.

இதையெல்லாம் நான் வந்து செய்ய மாட்டேன். வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை என்று சொல்லலாம், அது பொய். நீ செய்ய வேண்டும் என்பதுதான் காரணம். இரண்டு தட்டில் இருபது இருபது விதை போடு. முளைக்கவில்லை என்றால் இன்னொரு முறை செய். அப்போதும் முளைக்கவில்லை என்றால், உன் மாமா எடுத்த கரியாக இருந்தாலும், சங்கத்தில் நாற்பது பேர் கேட்டிருந்தாலும், இது வேண்டாம் என்று சொல். அவர் கோபப்படலாம். வீட்டில் நாலு நாள் பேஜாராக இருக்கும். உன் கை சரியில்லை என்று யாராவது சொல்லலாம். சொல்கிறவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும், தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு நகராமல் நில். நோட்டில் பக்கத்தைக் கிழிக்காதே.

இதற்கு நீ பதில் எழுதும்போது மன்னித்துவிட்டேன் என்று எழுத வேண்டாம். மன்னிக்கவில்லை என்றாலும் எழுத வேண்டாம், அது உன்னிடமே இருக்கட்டும். ஐந்தாம் நாள் தட்டில் என்ன பார்த்தாயோ அதை மட்டும் எழுது. எத்தனை விதை, எத்தனை வேர், தண்ணீர் என்ன நிறம். நீ எழுதுவதை நான் நம்புவேன்.

அப்பா